ஜெட் ஸ்கீ எஞ்சின் சூடேறினால் முதலில் பம்பைப் பாருங்கள்

நுவரெலியாவின் கிரகரி வாவி 1873ஆம் ஆண்டு, ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், மலையிலிருந்து இறங்கும் ஓடையை மறித்து அமைக்கப்பட்டது. சுற்றியுள்ள சரிவுகளில் லீக்ஸ், கரட், உருளைக்கிழங்குப் பாத்திகள் இருப்பதால், ஒவ்வொரு மழைக்கும் பாத்தி மண்ணும் பசளையும் கான்களின் வழியே கீழிறங்குகின்றன. தேங்கி நிற்கும் நீரில் பசளை சேர்ந்தால் பாசியும் நீர்க்கொடிகளும் செழித்து வளரும். ஏப்ரல் வசந்த காலத்தில் சுற்றுலாப் பயணிகள் கூடி, ஜெட் ஸ்கீகள் காலை முதல் மாலை வரை ஓய்வின்றி ஓடும்போது, வாவிக்கரையில் படகுகளைப் பழுதுபார்க்கும் எனக்கு அதிகமாக வரும் முறைப்பாடு ஒன்றுதான்: “எஞ்சின் சூடாகி அலாரம் அடிக்கிறது.” வருபவர்களில் பலர் தேர்மோஸ்டாற்றையோ சென்சரையோ மாற்றச் சொல்வார்கள். வண்டியின் அடியில் டோர்ச் அடித்துப் பார்த்தால், பெரும்பாலும் காரணம் பச்சையாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

பாசிக்கும் சூட்டுக்கும் உள்ள தொடர்பைப் புரிந்துகொண்டால் மற்ற வேலைகள் எளிதாகும். ஜெட் ஸ்கீக்கு வெளியே சுழலும் விசிறி கிடையாது. அடித்தட்டில் உள்ள கம்பி வலையின் ஊடாக நீரை உறிஞ்சி, பம்பின் இம்பெல்லர் எனப்படும் சுழலி அதைப் பின்புறக் குழல் வழியாகப் பீய்ச்சி அடிப்பதால்தான் வண்டி முன்னே போகிறது. அதே பம்பின் அழுத்தத்தால் நீரின் ஒரு சிறு பகுதி மெல்லிய குழாயொன்றின் வழியே மேலேறிச் சூட்டைத் தணிக்கிறது. யமஹா, கவாசாகி வண்டிகளில் அந்த வாவி நீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி வரும். சீ-டூ வண்டிகளின் நான்கு வீச்சு எஞ்சின்களில் மூடிய சுற்றில் கூலன்ட் எனும் குளிர்விக்கும் திரவம் ஓடுகிறது. ஆனாலும் புகைக்குழாயைக் குளிர்விப்பது வாவி நீர்தான். ஆகவே எந்த வகை வண்டியானாலும், வலையிலோ சுழலியைச் சுழற்றும் தண்டிலோ பாசி சிக்கினால் நீர்வரத்து குறையும், பம்பின் அழுத்தம் விழும், சூடு ஏறும்.

அலாரம் எப்போதும் பிந்தித்தான் அடிக்கும். அதற்கு முன்பே வண்டி நமக்குச் சொல்லிவிடுகிறது. அக்சிலரேற்றரை அழுத்தும்போது எஞ்சினின் சத்தம் உயர்ந்து, சுழற்சி எண்ணிக்கையும் ஏறி, வேகம் மட்டும் கூடாமல் இருந்தால், அதாவது கிளச் தேய்ந்த முச்சக்கரவண்டி மேட்டில் ஏறுவது போல இருந்தால், சுழலிக்குப் போதிய நீர் கிடைக்கவில்லை என்று பொருள். இருக்கைக்கு அடியில் ஓர் அதிர்வும் வரும். எஞ்சின் ஓடும்போது பக்கவாட்டில் ஒரு சிறு துளையால் நீர் பீய்ச்சும் வண்டியானால், அந்த நீர்க்கோடு வரட்சிக் காலத்துப் பீலி போல மெலிகிறதா என்று அடிக்கடி திரும்பிப் பாருங்கள். இதைவிட நேர்மையான சாட்சி வண்டியில் வேறில்லை.

இங்கே மலைநாட்டுக்கே உரிய இரண்டு விடயங்களைச் சொல்ல வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால், காற்றின் அடர்த்தி கரையோரத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. பெந்தோட்டையில் பறந்த வண்டி இங்கே சோர்ந்து ஓடுவது அதனால்தான், அது பழுதன்று. காற்றின் மெல்லிய தன்மையால் வலு குறைந்தால் சுழற்சியும் வேகமும் சேர்ந்தே குறையும். பாசியால் குறைந்தால் சுழற்சி ஏறும், வேகம் இறங்கும். இந்த வேறுபாட்டை மனதில் வைத்திருந்தால் வீணாக எஞ்சினைப் பிரிக்கும் செலவு மிச்சமாகும். இரண்டாவது, இந்த உயரத்தில் நீர் 100 பாகையில் அல்ல, ஏறக்குறைய 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். வாவி நீர் நேரடியாக ஓடும் எஞ்சினில் வரத்து குறையும்போது, கரையோரத்தைவிட விரைவாக உள்ளே நீராவி உண்டாகும். வாவி நீர் குளிர்ந்திருக்கிறதே என்று நம்பி ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. நீர் எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் அது எஞ்சினுக்குள் போனால்தானே பயன்.

அறிகுறி தெரிந்தவுடன் அக்சிலரேற்றரை விட்டு, எஞ்சினை நிறுத்தி, கையில் மாட்டியுள்ள பாதுகாப்புக் கயிற்றை வண்டியிலிருந்து கழற்றிவிடுங்கள். ஓடும் எஞ்சினின் கீழே கையையோ குச்சியையோ விடுவது விரலை இழக்கும் வேலை. நிறுத்திய பின் வண்டியைப் பக்கவாட்டில் சில தடவை ஆட்டினால், வலையில் மேலோட்டமாக ஒட்டிய பாசி உதிர்ந்துவிடலாம். பின்னோக்கிச் செலுத்தும் நெம்புகோலைப் பலர் நம்புகிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் அது பீய்ச்சும் நீரின் திசையை மாற்றுகிறதே தவிர, சுழலியைத் திருப்பிச் சுழற்றுவதில்லை. ஆகவே தண்டில் சுற்றிய கொடியை அது அவிழ்க்காது. 2022 முதல் சீ-டூவின் சில மாதிரிகளில் மட்டும் சுழலியையே எதிர்த்திசையில் சுற்றிக் குப்பையைத் தள்ளும் வசதி வந்திருக்கிறது. வாவியின் நடுவில் நீரில் இறங்கி அடியைத் துழாவ வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நம் குளிரில் சில நிமிடங்களிலேயே விரல்கள் மரத்து, பிடித்த கத்தி நழுவும்; கொடி காலிலும் சுற்றும். உயிர்காப்பு அங்கியைக் கழற்றாமல் வண்டியிலேயே இருந்து, அலாரம் அடங்கினால் மிக மெதுவாகக் கரைக்கு வாருங்கள். அடங்காவிட்டால் கையசைத்து உதவி கேளுங்கள். இன்னொரு படகு கட்டி இழுக்கும்போது மணிக்கு 8 கிலோமீற்றரைத் தாண்ட விடாதீர்கள். நின்ற எஞ்சினின் வண்டியை வேகமாக இழுத்தால், பம்பின் வழியே ஏறும் நீர் புகைக்குழாயை நிரப்பி எஞ்சினுக்குள் இறங்கிவிடும்.

கரையில் வண்டியை டிரெய்லரில் ஏற்றி, பற்றரியின் மறை முனையைக் கழற்றிய பின்பே அடியில் கை வைக்க வேண்டும். கவிழ்த்துப் பார்க்க வேண்டியிருந்தால், எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். தவறான பக்கம் சாய்த்தால் புகைப்பெட்டியில் நிற்கும் நீர் எஞ்சினுக்குள் போகும். வலையின் இடுக்குகளில் உள்ளதை விரலாலும் குறட்டாலும் இழுத்தெடுத்த பின்னும் வேலை முடிந்துவிடாது. சுழலிக்கு முன்னே தெரியும் தண்டில் டோர்ச் வெளிச்சத்தைப் பாய்ச்சிப் பாருங்கள். கொடி அங்கே தையல் இயந்திரத்தின் நூல் போல அடுக்கடுக்காகச் சுற்றியிருக்கும்: வெளிச்சுற்று பச்சையாகவும் வழுவழுப்பாகவும், அதற்குள் பழுப்பாகவும், தண்டோடு ஒட்டிய உட்சுற்று வெந்து கயிறு போல இறுகியும் காணப்படும். கொக்கி முனைக் கத்தியைத் தண்டுக்கு இணையாக வைத்து நீளவாட்டில் அறுத்தால் முழுச் சுருளும் ஒரு வளையமாகக் கழன்று வரும். குறுக்காக அறுக்க முயன்றால் நீர் புகாமல் தடுக்கும் தண்டின் சீலில் கத்தி படும். நைலோன் தூண்டில் நரம்போ பொலித்தீன் பையோ கலந்திருந்தால், அது சீலுக்குள் நுழைந்திருக்கிறதா என்று தனியே பாருங்கள். பின்புறக் குழல் வழியாகவும் ஒருமுறை பார்த்து, சுழலியின் இதழ்களில் பள்ளம் விழுந்திருக்கிறதா, சுற்றியுள்ள வளையத்தில் ஆழமான கீறல் உண்டா என்று தடவிப் பார்ப்பது நல்லது. இதழ் தேய்ந்தால் பாசியே இல்லாவிட்டாலும் இதே அறிகுறிகள் தோன்றும்.

அடுத்து நீரால் அலசுதல். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், நானும் ஒருமுறை விட்டேன். வலையையும் தண்டையும் துப்புரவாகச் சுத்தம் செய்து வண்டியைக் கொடுத்தேன். கால் மணித்தியாலத்தில் ரப்பர் கருகும் நாற்றத்தோடு அது திரும்பி வந்தது. அரைபட்ட பாசித் துகளும் வண்டலும் குளிர்விக்கும் குழாயின் நுழைவிலேயே களிமண் போல அடைத்திருக்க, நீர் போகாத புகைக்குழாயின் ரப்பர் உட்புறம் கரிந்திருந்தது. அன்றிலிருந்து அலசாமல் எந்த வண்டியையும் நீரில் இறக்குவதில்லை.

எஞ்சின் சூடாக இருக்கும்போது அலச வேண்டாம்; மேலே உள்ளங்கையை வைத்து எடுக்காமல் இருக்கக்கூடிய அளவுக்கு ஆறட்டும். பிறகு தண்ணீர்க் குழாயை வண்டியின் அலசும் முனையில் பொருத்தி, முதலில் எஞ்சினை இயக்கி, உடனே நீரைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் நீரை நிறுத்தி, ஓரிரு தடவை அக்சிலரேற்றரை இலேசாகத் தட்டிப் புகைக்குழாயில் நிற்கும் நீரை வெளியேற்றி, சில செக்கன்களுக்குள் எஞ்சினை அணைக்க வேண்டும். இந்த ஒழுங்கு மாறினால், நின்ற எஞ்சினுக்குள் நீர் நிரம்பும். வெளியேறும் நீர் முதலில் பழுப்பாக வரும். தெளியும்வரை, கையேட்டில் உள்ள நேரத்தைத் தாண்டாமல், அலசுங்கள். தெளிந்த பின்னும் பக்கத்துளையின் நீர்க்கோடு மெலிந்தே இருந்தால், குழாய்களைக் கழற்றி ஒவ்வொன்றாக ஊதிப் பார்க்க வேண்டும்.

அலாரம் நீண்ட நேரம் அடித்திருந்தால், எண்ணெய் அளவுகோலை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் நீர் கலந்திருக்கிறது. அந்த வண்டியை இயக்காமல் தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படையுங்கள். கூலன்ட் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது.

பாசித் திட்டின் மேல் போகாமல் இருப்பதே உரிய வழி. மழைக்கு அடுத்த நாள் கான்கள் வந்து விழும் ஓரங்களைத் தவிர்த்து ஓடுங்கள். அடித்தட்டின் கீழே ஒரு மீற்றர் அளவு நீராவது இருக்கும் இடத்தில்தான் எஞ்சினை இயக்குங்கள். தவிர்க்க முடியாமல் திட்டொன்றைக் கடக்க நேர்ந்தால், முன்கூட்டியே எஞ்சினை அணைத்து, வந்த வேகத்திலேயே மிதந்து கடந்துவிடலாம். ஆனால் எஞ்சின் அணைந்த வண்டி திரும்பாது என்பதால், முன்னால் படகோ ஆளோ இல்லை என்று பார்த்த பின்பே அப்படிச் செய்யுங்கள்.

அறுத்தெடுத்த பாசியை மீண்டும் வாவியில் வீசாதீர்கள். ஒரு துண்டுக் கொடியே புதிய புதராகும். 1939இல் இலங்கைக்கு வந்த சல்வீனியா என்னும் நீர்க்களை பரவியதும் துண்டு துண்டாகத்தான். அதே வண்டியைக் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களுக்குக் கொண்டுபோவதாக இருந்தால், அந்த நீர் மின் நிலையங்களுக்குப் போவது என்பதையும் நினைத்து, வலை, தண்டு, டிரெய்லரின் அச்சு மூன்றையும் கழுவி, ஒரு நாள் வெயிலில் காயவிட்ட பின்பே ஏற்றுங்கள். அகற்றிய பாசியை ஒரு சாக்கில் கட்டி, கரையிலிருந்து எட்டக் கொண்டுபோய்க் கொட்டினால், நாளடைவில் அது பாத்திக்குப் போடக்கூடிய எருவாகிவிடும்.