பழைய கச்சேரி கேசட்டுகளை வீட்டிலேயே கணினிக்கு மாற்றி இணையத்தில் ஏற்றுவது எப்படி

பழைய கேசட் கிடைத்ததும் போட்டுக் கேட்கத்தான் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு ஓரத்திலும் இருக்கும் குட்டி பிளாஸ்டிக் துண்டுகளை முதலில் உடைத்துவிடுங்கள், அப்புறம் அதன் மேல் யாரும் தவறிப் பதிந்துவிட முடியாது. தாத்தா சபாவில் மடியில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்த கல்யாணி ராகத்தின் மேல், யாரோ தெரியாமல் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினால் போனது போனதுதான். அப்புறம் கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து, சுற்றியிருக்கும் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். படிந்திருந்தால் அது பூஞ்சை. டெக்கில் (கேசட் ஓட்டும் கருவி) போட்டால், நாடாவைப் படிக்கும் ஹெட்டிலும் நாடாவை இழுக்கும் ரப்பர் உருளையிலும் ஒட்டி அடுத்து போடும் கேசட்டுக்கும் பரவும் என்பதால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். நாடாவுக்குப் பின்னால் ஒரு சின்ன மெத்தைத் துண்டு இருக்கும், அது உதிர்ந்திருந்தால் ஒலி மங்கிப்போகும். ஸ்க்ரூ வைத்த வேறு கேசட் கூட்டைத் திறந்து அதற்குள் நாடாவை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

யுஎஸ்பி வாக்மேன் என்று மலிவாக விற்பதை வாங்காதீர்கள், வேகம் ஆடும். பழைய டெக் ஒன்றைப் பிடித்து, சென்னை என்றால் ரிச்சி தெருப் பக்கம் போய், ரப்பர் பெல்ட்டை மாற்றித் தரச் சொல்லுங்கள். ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைக்கலாம், ரப்பர் உருளைக்கு மட்டும் ஈரத்துணியும் துளி சோப்பும் போதும்.

டெக்கின் பின்னால் ஒலி வெளிவரும் லைன் அவுட்டிலிருந்து ஒரு சின்ன யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி), அதிலிருந்து லேப்டாப், அவ்வளவுதான் ஸ்டுடியோ. லேப்டாப்பின் மைக் ஓட்டையில் நேராகச் செருகுவது வேண்டாம், பெரும்பாலும் அது மோனோ, அதாவது ஒரே தடம், சத்தமும் உடைந்து வரும். பதிவு செய்ய இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளே போதும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்து, உச்சக்கட்ட சத்தம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டீரியோவில் மணிக்கு ஒரு ஜிபி பிடிக்கும். சி-90 கேசட் பக்கத்துக்கு 45 நிமிடம், வேகமாக ஓட்டி மாற்ற நினைக்காமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே மாற்றுங்கள்.

ஒலி மூக்கடைத்த மாதிரி இருந்தால் கேசட் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஹெட்டின் சாய்வு, பதிவு செய்த கருவியின் சாய்வோடு பொருந்தாமல் இருக்கலாம். ஹெட்டின் ஓரத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அது இப்போது நிற்கும் இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, மோனோவில் கேட்டபடி மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். மிருதங்கத்தில் சாப்பு என்கிற அடி பளிச்சென்று விழும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். கணினியில் எந்த ஃபில்டர் போட்டாலும் இந்தத் தெளிவு கிடைக்காது.

அடுத்தது சுருதி. பேட்டரி இறங்கின ரெக்கார்டரில் பதிவானதை இன்று ஓட்டினால் பாடகர் அரைக் கட்டை ஏறிப் பாடுவார். அவர் வழக்கமாக எந்தக் கட்டையில் பாடுவார் என்று தெரிந்தால் அதை வைத்து வேகத்தைச் சரிசெய்யலாம். தெரியாவிட்டால் இன்னொரு வழி: மின்சாரத்தில் ஓட்டிப் பதிந்த கேசட்டில் அடியில் ஹம் என்கிற மெல்லிய ரீங்காரம் கேட்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆடாசிட்டியின் அலைவரிசைப் படத்தில் அது 52-ல் நின்றால் 4 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். ஆனால் அந்த ஹம் உங்கள் வீட்டு வயரிங்கிலிருந்து வருவதாகவும் இருக்கலாம். அதனால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, கேசட் ஓடாதபோதும் ஹம் வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

இரைச்சல் நீக்கும் எஃபெக்டில்தான் முக்கால்வாசிப் பேர் பதிவைப் பாழாக்குகிறார்கள். மென்பொருளுக்கு விடாமல் ஒரே மாதிரி ஒலிப்பதெல்லாம் இரைச்சல், தம்புராவும் அப்படித்தான் ஒலிக்கிறது! இது தான் இரைச்சல் என்று மென்பொருளுக்கு மாதிரி காட்டும் துண்டில் தம்புரா கலந்திருந்தால், அது இரைச்சலோடு தம்புராவையும் வழித்தெடுத்துவிடும், பாடகர் தண்ணீருக்குள்ளிருந்து பாடுவார். தம்புரா தொடங்கும் முன் வெறும் நாடா ஓடும் ஓரிரு வினாடியை மாதிரியாக எடுங்கள், 6 டெசிபல் குறைத்தால் போதும். எதுவும் செய்யாத மூலக் கோப்பை அப்படியே தனியாகச் சேமித்துவிட்டு, பிரதியில் மட்டும் கை வையுங்கள்.

பெட்டியின் மேல் பேனாவில் எழுதியது பாதி அழிந்திருக்கும். வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்துக் கேசட்டைப் போட்டுக் காட்டுங்கள், "வயலின் இவர்தான்", "கடைசியில் கைதட்டுறது உங்க சித்தப்பா" என்றெல்லாம் சொல்வார்கள். அதையும் பதிவு செய்யுங்கள். மெத்தை, துணி நிறைந்த படுக்கையறையில் ஃபேனை நிறுத்திவிட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி மைக்கை வைத்தால் போதும், குக்கர் விசில் அடங்கும்வரை காத்திருங்கள்.

ஏற்றும் முன் உரிமை விஷயம். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு. கேசட்டே 1963-ல்தான் வந்தது, ஆகவே கம்பெனி வெளியிட்ட கேசட்டுகளைப் பெரும்பாலும் விட்டுவிடுங்கள். வீட்டில் பதிந்த கச்சேரியிலும் கலைஞருக்கு 50 ஆண்டு உரிமை இருக்கிறது, அவரிடமோ குடும்பத்தாரிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். பாட்டு இயற்றியவருக்குத் தனிக் கணக்கு: தியாகராஜருக்குப் பிரச்சினை இல்லை, 1973-ல் மறைந்த பாபநாசம் சிவன் பாடல்களுக்கு 2033 முடியும்வரை உரிமை இருக்கிறது.

எங்கே ஏற்றுவது என்றால், என் ஓட்டு இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்துக்கு. தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பாக ஏற்றினால் எம்பி3-யை அதுவே தயாரித்துக்கொள்ளும், யூடியூப் மாதிரி படம் ஒட்ட வேண்டியதில்லை. விவரத்தில் பாடியவர், பக்கவாத்தியம், ஊர், ஆண்டு, ராகம், தாளம் எல்லாம் எழுதுங்கள், ஊகமாக இருந்தால் ஊகம் என்றே போடுங்கள். ஏற்றின பிறகு அது பைரவி இல்லை, மாஞ்சி என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். கேட்டுப் பார்த்து, அவர் சொல்வது சரி என்றால் திருத்திவிடுங்கள். கோப்பைத் தொடாமலே விவரத்தை மட்டும் மாற்ற முடியும்.