ஏர் ப்யூரிஃபையர் வாங்கும் முன் ஜன்னலைப் பாருங்கள்

தில்லியில் நவம்பர் மாதப் புகைமூட்டம் செய்தியில் வந்ததும், சென்னையில் இருப்பவர்களின் செல்போனிலும் ஏர் ப்யூரிஃபையர் விளம்பரங்கள் வரிசை கட்டும். தில்லிக் கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது. அங்கே குளிருக்காகக் கதவு ஜன்னலை மூடிவைக்கிறார்கள். இங்கே பல வீடுகளில் வருஷம் முழுக்க ஜன்னல் திறந்தே கிடக்கிறது. இந்தக் கருவி உங்களுக்கு உதவுமா என்பது பெரும்பாலும் அந்த ஜன்னலைப் பொறுத்தது.

120 சதுர அடி படுக்கையறை, 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,200 கன அடி, அதாவது சுமார் 34 கன மீட்டர் காற்று. மணிக்கு 170 கன மீட்டர் சுத்தக் காற்று தரும் கருவி, அந்த அறையின் காற்றை மணிக்கு 5 முறை வடிகட்டும். ஜன்னலைத் திறந்து காற்றாட இருந்தால் வெளிக்காற்று மணிக்கு 10 முறைகூட உள்ளே வந்து போகும். அப்போது 15 பங்கு காற்றில் 5 பங்குதான் வடிகட்டியது. தூசு மூன்றில் ஒரு பங்கு குறையும், அவ்வளவுதான். அதே அறையை மூடி, இடுக்குகள் வழியாக மணிக்கு ஒரு முறை மட்டும் காற்று மாறினால், வெளியில் இருக்கும் தூசில் ஆறில் ஒரு பங்கே உள்ளே நிற்கும். கருவி ஒன்றுதான், கரண்ட் செலவும் ஒன்றுதான். கொசுவலை அடித்த ஜன்னலை மூடிய ஜன்னலாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். நுண்துகளுக்கு அந்த வலை ஒரு தடையே இல்லை.

ஆக, இரவில் ஃபேன் போட்டு ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கும் வீடு என்றால் வாங்க வேண்டாம். ஏ.சி. அறையை மூடி ஏழெட்டு மணி நேரம் தூங்குபவர்கள் மேலே படிக்கலாம்.

முதலில் அளந்து பாருங்கள்

கவனிக்க வேண்டியது பி.எம். 2.5, அதாவது 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவாகவும் உள்ள துகள். இந்தியத் தரத்தில் 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை போகலாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த வரம்பு 15. செயலிகளில் தெரியும் ஏ.க்யூ.ஐ., அதாவது காற்றுத் தரக் குறியீட்டு எண்ணை மைக்ரோகிராம் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். இந்தியக் கணக்கில் ஏ.க்யூ.ஐ. 100 என்றால் பி.எம். 2.5 அளவு 60, ஏ.க்யூ.ஐ. 200 என்றால் 90. அந்த எண் பி.எம். 10 (10 மைக்ரான் வரையுள்ள துகள்) அல்லது ஓசோனால்கூட ஏறியிருக்கலாம் என்பதால், பி.எம். 2.5 வரியைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் மணலி, ஆலந்தூர், வேளச்சேரி, பெருங்குடி, கொடுங்கையூர், அரும்பாக்கம், ராயபுரம் நிலையங்கள் உண்டு. அது ஊர்க்காற்றின் கணக்கு. உங்கள் அறைக்கு லேசர் சென்சார் வைத்த சிறிய மீட்டர் ஒன்று வேண்டும். சில ஆயிரம் ரூபாய் ஆகும், பக்கத்து வீட்டில் இருந்தால் ஒரு வாரத்துக்கு இரவல் வாங்குங்கள்.

மீட்டரைத் தலையணை உயரத்தில், ஏ.சி. காற்று நேராகப் படாத இடத்தில் வையுங்கள். முதலில் பால்கனியில் பத்து நிமிடம். பிறகு படுக்கப் போகும் நேரத்தில் அறைக்குள். கடைசியாக, மூடிய அறையில் விடிகாலை 5 மணிக்கு. மூன்று நாலு நாள் இப்படிக் குறித்தால் போதும். விடிகாலை எண் முக்கியம்: குளிர்ந்த இரவில் காற்று தரையோடு தேங்குவதால் அப்போதுதான் தூசு அடர்ந்திருக்கும். நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று எழும்பினால் வெளிக்காற்று பெரும்பாலும் தெளிந்துவிடும். வீட்டைத் திறந்துபோட அதுதான் நேரம்.

ஒரு எச்சரிக்கை. இந்த மீட்டர்கள் துகளில் ஒளியைச் சிதறவைத்து எண்ணுபவை. ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் நீர் ஏறிப் பருத்த துகளையும் அப்படியே கணக்கில் சேர்த்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் பால்கனியில் 70 காட்டினால் பதறாமல், பக்கத்து நிலையத்தின் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏ.சி. அறைக்குள் இந்தச் சிக்கல் குறைவு.

மூடிய அறையில் இரவுச் சராசரி 15க்குக் கீழ் என்றால் பணத்தைச் செலவழிக்காதீர்கள். 15 முதல் 35 வரை என்றால், வீட்டில் ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய், இதய நோய் உள்ளவரோ கைக்குழந்தையோ இருந்தால் வாங்கலாம். 35க்கு மேலே தொடர்ந்து நின்றால் வாங்குவது நியாயம். இவை நம் கணிப்பில் வைத்த எல்லைகள், சட்டம் அல்ல. ஆஸ்துமாக்காரர் கருவி வந்துவிட்டது என்று இன்ஹேலரைக் குறைக்கக் கூடாது.

புகை உள்ளேயே பிறக்கிறதா?

வெளியே 25, உள்ளே 90 என்று காட்டினால் குற்றவாளி வீட்டுக்குள் இருக்கிறது. கொசுவத்திச் சுருள்தான் முதல் சந்தேகம். 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் பி.எம். 2.5, 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று அளந்தது. கட்டிலுக்கு ஒரு கொசுவலை வாங்குங்கள். அதைவிட மலிவான ஏர் ப்யூரிஃபையர் கடையில் கிடைக்காது. ஊதுபத்தி, சாம்பிராணி அடுத்த வரிசை. விட்டுவிடச் சொல்லவில்லை, பூஜை முடிந்து அரை மணி நேரம் ஜன்னலைத் திறந்துவையுங்கள், படுக்கையறைக் கதவை மூடிவையுங்கள். சமையலறையில் புகையை வெளியே தள்ளும் குழாய் இருக்கிற சிம்னியாக இருக்க வேண்டும். வடிகட்டி அதே அறைக்குள் திருப்பிவிடும் வகை எண்ணெய்ப் பிசுக்கை ஓரளவு பிடிக்கும்; அடுப்பு எரியும்போது வரும் வாயுவை ஒன்றும் செய்யாது.

மேஜையில் தூசி படிகிறது என்பது உங்கள் புகாராக இருந்தால், கருவி ஏமாற்றும். அது கனமான தூசி. கருவியின் வாய்க்குப் போவதற்கு முன்பே தரையில் விழுந்துவிடும். துடைப்பத்தை விட்டு ஈரத்துணியால் துடைப்பதே வழி. மெத்தைத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத உண்ணியால் வரும் காலைத் தும்மலும் அப்படித்தான். மெத்தை, தலையணைக்கு இறுக்கமான நெசவு உறை போடுங்கள், விரிப்பை வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள், அறையின் ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழ் வைக்கப் பாருங்கள்.

எந்த அளவு வாங்குவது

பெட்டியில் "500 சதுர அடி வரை" என்று போட்டிருப்பதை மறந்துவிடுங்கள். சி.ஏ.டி.ஆர். என்ற எண்ணைத் தேடுங்கள். மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்று என்பது அது. அறையின் கன அடியை 35ஆல் வகுத்து 5ஆல் பெருக்கினால் உங்களுக்கு வேண்டிய எண் வரும். மேலே சொன்ன அறைக்கு 170. ஆனால் பெட்டியில் உள்ள எண் அதிகபட்ச வேகத்தில் அளந்தது. அந்த வேகத்தில் கருவி போடும் சத்தத்தில் யாரும் தூங்க முடியாது. இரவு வேகத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு வந்தால் பெரிது. எனவே 170 வேண்டும் என்றால் 300, 350 உள்ளதாக வாங்கி நடு வேகத்தில் ஓட்டுங்கள். சின்னக் கருவி வாங்கி இரவு வேகத்தில் விட்டுவிட்டு "பிரயோஜனமே இல்லை" என்று சலித்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

ஃபில்டர் எச்13 ஹெப்பா தரம் என்றால் பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவுத் துகளிலும் 99.95 சதவீதத்தைப் பிடிக்கும். "ஹெப்பா போன்றது" என்று எழுதியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். அயனைசர், பிளாஸ்மா என்ற வசதிகள் ஓசோனை வெளியிடக்கூடும். அணைத்துவைக்க முடிகிற மாடலாக எடுங்கள். நாற்றத்தை உறிஞ்சும் கார்பன் அடுக்கு சில நூறு கிராம்தான் இருக்கும். குப்பைக் கிடங்கு நாற்றத்தைச் சில வாரம் தாங்கும், பிறகு நிறைந்துவிடும்.

செலவைக் கருவியின் விலையோடு நிறுத்தாதீர்கள். கருவி 10,000 ரூபாய், மாற்று ஃபில்டர் 2,500 என்றால், ஆண்டுக்கு ஒன்று வீதம் ஐந்து ஆண்டில் நான்கு ஃபில்டர். மொத்தம் 20,000. 50 வாட் கருவி தினம் 8 மணி நேரம் ஓடினால் மாதம் 12 யூனிட், இரண்டு மாத பில்லில் 24. அது உங்களை அடுத்த ஸ்லாபுக்குத் தள்ளுமா என்று பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். ஃபில்டர் இரண்டு ஆண்டு கழித்தும் கிடைக்குமா என்பதையும் இப்போதே விசாரியுங்கள்.

வந்த பிறகு

முதல் வேலை, ஃபில்டரை வெளியே எடுத்து அதைச் சுற்றியிருக்கும் பாலித்தீன் உறையைக் கழற்றுவது. உறையோடு மாதக் கணக்கில் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி வையுங்கள், திரைச்சீலைக்குப் பின்னால் வேண்டாம். கதவின் அடி இடுக்குக்கு ரப்பர் பட்டை ஒட்டுங்கள். சேர்ந்தாற்போல் இருக்கும் குளியலறைக் கதவை மூடியே வையுங்கள். அங்கே எப்போதும் திறந்திருக்கும் கண்ணாடிப் பட்டை ஜன்னல் வழியாகத்தான் பாதித் தூசு வரும். மூடிய அறையில் மூச்சுக்காற்றின் கார்பன் டை ஆக்சைடு ஏறும், ப்யூரிஃபையர் அதைக் குறைக்காது, ஸ்பிளிட் ஏ.சி.யும் வெளிக்காற்றைக் கொண்டுவராது. தலை பாரமாக எழுந்தால் ஹால் பக்கக் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்துப் பாருங்கள். முன்வடிகட்டி வலையை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தட்டிச் சுத்தம் செய்யுங்கள். ஹெப்பாவைத் தண்ணீரில் நனைக்கவே கூடாது.

கருவியின் திரையில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம். அது தான் ஊதிய காற்றைத் தானே மோந்து பார்க்கிறது. திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் இப்படிச் சோதியுங்கள்: அறையை மூடி, மீட்டர் 200 காட்டும் வரை ஓர் ஊதுபத்தியை எரித்து அணைத்துவிடுங்கள். மீட்டரை அறையின் எதிர் மூலையில் வைத்து, கருவியை முழு வேகத்தில் ஓட்டுங்கள். சரியான அளவுள்ள கருவி என்றால் பத்து நிமிடத்துக்குள் 100, அரை மணியில் 50க்குக் கீழ் வந்துவிடும். வரவில்லை என்றால் ஃபில்டர் சரியாகப் பொருந்தியிருக்கிறதா, ஓரத்தில் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து இன்னொரு முறை ஓட்டுங்கள். அப்போதும் இறங்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.