சுங்கை சிப்புட்டில் நடுராத்திரி ரைடு: புதிதாக வந்த தம்பிகள் தவிர்க்க வேண்டியவை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டில் சாப்பாட்டுக் கடையிலோ முடிதிருத்தும் நிலையத்திலோ வேலை பார்ப்பவர்களுக்கு, நாள் என்று ஒன்று தொடங்குவதே இரவு பதினோரு மணிக்கு மேல்தான். கடையைச் சாத்தி, கல்லைக் கழுவி, குளித்துவிட்டு மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) ஆளுக்கொரு தே தாரிக்கோடு (ஆற்றிய பால் தேநீர்) உட்காருவார்கள். ஒருவன் ஆரம்பிப்பான்: "டேய், கோலகங்சார் வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வருவமா?" தே ஆறுவதற்குள் நாலு வண்டி கிளம்பிவிடும். ஊரை விட்டு வந்து, அறையும் வேலையிடமுமாகவே காலம் தள்ளுகிறவனுக்கு அந்த இரண்டு மணி நேரக் காற்று எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். அதனால் போகாதே என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

ஆனால் இப்போது வந்திருக்கும் தம்பிகள், எங்கள் செட்டு வந்த புதிதில் செய்த அதே காரியங்களை வரிசை மாறாமல் செய்கிறார்கள். ஹெல்மெட் போடு, குடித்துவிட்டு ஓட்டாதே என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அது தெரியாதவன் வண்டியைத் தொடவே கூடாது. பொறுப்பான பிள்ளைகளே போய் விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன். திடீரென்று கிளம்பலாம், தப்பில்லை. ஆனால் கிளம்பிய பிறகு பாதையைத் திடீரென்று மாற்றக் கூடாது.

ஊர் லைசென்ஸை நம்பிக் கிளம்புவது

இந்திய லைசென்ஸ் அட்டை மட்டும் இங்கே போதாது. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அதற்கும் ஓராண்டுதான் ஆயுள். "உள்ளூர் நண்பனோட வண்டிதானே, அவன்கிட்ட இன்சூரன்ஸ் இருக்கு" என்கிறார்கள். செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டினால் அந்த இன்சூரன்ஸ் கைகொடுக்காது. வண்டி கொடுத்த நண்பனையும் சேர்த்து இழுத்துவிடுவீர்கள். பாஸ்போர்ட், வேலை பெர்மிட் இரண்டும் சட்டைப்பையில் இருக்க வேண்டும். கைப்பேசியில் படம் இருக்கிறது என்பதெல்லாம் இரவு ஒரு மணிக்கு எடுபடாது.

போலீஸ் ரோட்பிளாக்கைக் கண்டதும் திருப்புவது

திருப்பாதீர்கள். நின்று, விளக்கைத் தணித்து, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்குங்கள்.

பாதி டாங்க் போதும் என்பது

கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிளின் டாங்க் நாலு லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும். சின்ன ஊர்களில் பல பெட்ரோல் நிலையங்கள் இரவில் விளக்கை அணைத்துவிடுகின்றன. கிளம்பும் முன் நிரப்பிவிடுங்கள். 2025 செப்டம்பர் 30 முதல் லிட்டர் 1 வெள்ளி (ரிங்கிட்) 99 காசு என்ற விலை மைகார்டு என்ற அடையாள அட்டை வைத்திருக்கும் குடிமக்களுக்கு மட்டும். நமக்கு மானியம் இல்லாத விலைதான். நண்பனின் மைகார்டைக் கொடுத்து அடிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நமக்கு மிச்சமாவது சில காசு, மாட்டிக்கொள்வது அவன்.

தோட்டத்துக்குள் குறுக்கே போவது

இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

எங்கள் ரைடு பெரும்பாலும் கோலகங்சார்தான். 1932-இல் திறந்த இஸ்கந்தர் பாலத்தில் பேராக் ஆற்றைக் கடந்து, 1877-இல் வந்த கித்தா (ரப்பர்) கன்றுகளில் இன்னும் உயிரோடு நிற்கும் அந்த ஒற்றை மரத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, ஒரு ரொட்டி சானாய் சாப்பிட்டுத் திரும்புவோம். நல்ல சாலை. சிக்கல் திரும்பும்போதுதான் வரும். இரவு ஒன்றரைக்கு ஒருவன் கைப்பேசியைத் திறந்து, "அண்ணே, இப்படிக் குறுக்கால போனா நேரா நம்ம ரூமுக்குப் பின்னாடி ஏறிடலாம்" என்பான். செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) நடுவே மெல்லிய கோடு ஒன்று வரைபடத்தில் உண்மையிலேயே இருக்கும். அந்தக் கோட்டை நம்பி வண்டியைத் திருப்புகிறார்களே, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

அது சாலை இல்லை. செம்பனைப் பழக் குலை ஏற்றும் டிராக்டரும் லோரியும் போவதற்குத் தோட்டம் வெட்டிக்கொண்ட மண் பாதை. மரத்தடிக்குப் போய்க் குலையை அள்ளிக்கொண்டு வந்த வழியே திரும்பத்தான் அதைப் போட்டார்கள். அதனால் பல பாதைகள் ஓடையிலோ வாய்க்காலிலோ போய் முட்டி நின்றுவிடும். செம்பனையை முக்கோணமாக, மரத்துக்கு மரம் ஏறக்குறைய 9 மீட்டர் விட்டு நடுகிறார்கள். ஹெக்டேருக்கு 140 மரம் அளவில் வரும். எந்தச் சந்திப்பில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி வரிசைதான். பகலிலேயே புதியவனுக்குத் திசை தப்பும். இரவில் ஓலைகள் தலைக்கு மேல் கூடிக்கொள்வதால் நிலா வெளிச்சமும் இறங்காது. உள்ளே போகப் போக கைப்பேசியில் சிக்னலும் தேயும்.

இன்னொன்றையும் தம்பிகள் யோசிப்பதில்லை. ஹோண்டா ஈஎக்ஸ்5 மாதிரி பழைய கப்சாய்களில் முன்விளக்கு என்ஜின் சுழலும் வேகத்தில்தான் எரியும். தார்ச் சாலையில் போகும்போது பளிச்சென்று இருக்கும். மண் பாதையில் முதல் கியரில் ஊர்ந்தால் மங்கிப்போகும். எந்த இடத்தில் ஒவ்வொரு பள்ளத்தையும் பார்த்தாக வேண்டுமோ, அந்த இடத்தில் வெளிச்சம் இருக்காது. கீழேயோ மழையில் ஊறிய செம்மண் களி. அதன்மேல் லோரியிலிருந்து சிந்தி, சக்கரத்தில் நசுங்கிய உதிரிப் பழங்களின் எண்ணெய். எலியை ஒழிக்கத் தோட்டங்களே பெட்டி வைத்துக் கூகை வளர்ப்பதால், வெள்ளையாக ஒன்று சட்டென்று முகத்துக்கு நேரே பறக்கும். பதறி ஹேண்டிலைத் திருப்பினால் வாய்க்கால்தான். எலி இருக்கும் இடத்தில் நாகமும் இருக்கும். வண்டியை நிறுத்திவிட்டு இருட்டில் காலால் துழாவி வழி தேடுவதும் கூடாது.

இவை எல்லாவற்றையும்விடக் கொடியது சங்கிலி. குலைத் திருட்டைத் தடுக்க, வேலை முடிந்ததும் பாதையின் குறுக்கே சங்கிலியோ இரும்புக் குழாயோ கம்பி வடமோ கட்டிவிடுவார்கள். சில இடங்களில் பள்ளமே வெட்டி வைத்திருப்பார்கள். பகலில் பார்த்தால் ஒன்றும் தோன்றாது. இரவில் துருப்பிடித்த சங்கிலி மண்ணின் நிறத்திலேயே இருக்கும்.

எங்களோடு வந்த ஒரு தம்பி, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன், முடிதிருத்தும் வேலை. அன்றைக்கு நாலு வண்டி. இரண்டு நெடுஞ்சாலையிலேயே வந்தது. அந்தத் தம்பியும் இன்னொருவனும் வரைபடத்தைப் பார்த்துத் தோட்டத்துக்குள் திரும்பிவிட்டார்கள். இடுப்பு உயரத்தில் கட்டியிருந்த சங்கிலியை அவன் கடைசி நேரத்தில்தான் பார்த்திருக்கிறான். முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்திருக்கிறான். ஈரக் களியில் முன்சக்கரம் வழுக்க, வண்டி சாய்ந்து சங்கிலிக்கு அடியில் போய்விட்டது. அவன் தோள் பக்கத்திலிருந்த இரும்புக் கம்பத்தில் மோதிக் காறை எலும்பு முறிந்தது. வண்டி சாயாமல் நேராகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

பின்னால் வந்தவனுக்குச் சிக்னல் இல்லை. ரொம்ப நேரம் கழித்து டார்ச் வெளிச்சத்தோடு ஒரு நேப்பாளிக் காவலாளியும் நாய்களும் வந்திருக்கிறார்கள். குலை திருட வந்தவர்கள் என்றே அவர் நினைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. உடைந்த மலாயில் இவன் கெஞ்சி, அவர் நம்பி, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அது கேட்டுக்கு வெளியே வந்து நின்றது. கேட் சாவி மண்டோர் (மேற்பார்வையாளர்) வீட்டில். அவர் எழுந்து வந்து திறந்து, டிராக்டரின் பின்பெட்டியில் அந்தப் பையனைப் படுக்க வைத்து வெளியே கொண்டுவந்தார்கள். குலுங்கிய ஒவ்வொரு குலுக்கலிலும் அவன் கத்தியதைக் கூட இருந்தவன் சொல்லச் சொல்ல எங்களால் கேட்க முடியவில்லை.

அதற்குப் பிறகு செலவு. அரசு மருத்துவமனையில் மலேசியருக்கு வெளிநோயாளிச் சீட்டு 1 வெள்ளி. வெளிநாட்டவருக்கு முழுக் கட்டணம். படுக்க வேண்டுமென்றால் முன்பணம். அவனுக்கு சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி இருந்தது, ஆனால் அன்றைக்கு அது வேலை விபத்துக்குத்தான் கைகொடுத்தது. நடுராத்திரி செம்பனைக் காட்டில் விழுந்தது அதில் சேரவில்லை. நாங்கள் எல்லோரும் போட்டுக் கட்டினோம். கத்திரி பிடிக்கிற கை மாதக்கணக்கில் கட்டுப்போட்டுத் தொங்கியது. சம்பளம் இல்லை, ஊருக்குப் பணம் அனுப்பவில்லை. எலும்பு கூடிய பிறகு பெர்மிட் புதுப்பிக்கப்படவில்லை. ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய கடன் பாதி நிற்க, அவன் ஊர் திரும்பினான். நெடுஞ்சாலையில் வந்திருந்தால் கூடுதலாகக் கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

இதைச் சொன்னால் தம்பிகள் உள்ளூர்ப் பெரியவர்களைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். "தாத்தா அந்தக் காலத்துல ராத்திரி சைக்கிள்லயே போவாராம்ணே!" தாத்தா சொல்வது பொய்யில்லை. ஆனால் அவர் போனது கித்தாக் காட்டுக்குள். அப்போது உள்ளேயே லயம், கோயில், பள்ளிக்கூடம், கள்ளுக்கடை, கங்காணி வீடு எல்லாம் இருந்தன. விடியும் முன்பே பால்வெட்டுக்கு ஆட்கள் தலைவிளக்கோடு கிளம்பிவிடுவார்கள். விழுந்து கத்தினால் ஓடிவர நூறு பேர் இருந்தார்கள். அதன் பிறகு தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. அதில் வீடு வாசல் இழந்தவர்களுக்காகத்தான் இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பல இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாகின, சனம் பட்டணத்துப் பக்கம் நகர்ந்துவிட்டது. இன்றைக்கு அதே தோட்டத்துக்குள் இரவில் மனிதக் குரலே கிடையாது. தாத்தா போன பாதை இப்போது இல்லை தம்பி.

எங்கள் செட்டில் இப்போது ஒரே சட்டம்தான். இரவில், தார் போட்டு, ஓரத்துக் கிலோமீட்டர் கல்லில் எண் எழுதிய சாலை மட்டும். வேறு வழியைக் காட்டுகிறவன் எவ்வளவு நெருங்கிய நண்பனாக இருந்தாலும் அந்த ராத்திரிக்கு அவன் பேச்சைக் கேட்பதில்லை.

கூட்டமாக ஒட்டிக்கொண்டு போவது

முன்னால் போகிறவனின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு போனால், அவன் தாண்டிய மாட்டை நீங்கள் தாண்ட மாட்டீர்கள். தோட்டத்தில் மேய்கிற மாடுகள் இரவில் தார்ச் சூட்டுக்காகச் சாலையிலேயே படுத்துக்கிடக்கும். கறுப்பு மாடு கிட்டப் போகும்வரை தெரியாது. பின்விளக்கில்லாத குலை லோரியும் அப்படித்தான். இடைவெளி விட்டுப் போங்கள். அடுத்து எந்தச் சந்திப்பில் நிற்பது என்று கிளம்பும்போதே பேசிவிடுங்கள். கடைசி வண்டியை நன்றாக ஓட்டத் தெரிந்தவனிடம் கொடுங்கள். பெரும்பாலும் புதியவனைப் பின்னால் விட்டுவிடுகிறார்கள். அவன் எட்டிப்பிடிக்க முறுக்கியே விழுகிறான்.

டீ-சட்டையோடு கேமரன் ஏறுவது

ஈப்போ தாண்டி சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலை ஏறுவதும் இப்படித் திடீர் யோசனைதான். கீழே வியர்த்துக்கொண்டிருக்கும், மேலே 16 டிகிரி அளவுக்கு இறங்கும், மூடுபனி வேறு. விரல் விறைத்தால் பிரேக் பிடிக்க வராது. காய்கறி லோரிகள் இரவில்தான் மலையிறங்கும். மழைச்சட்டையும் கையுறையும் இல்லாமல் அந்தச் சாலைப் பேச்சையே எடுக்காதீர்கள். இருந்தாலும் பகலில் ஒரு முறை போய்ப் பார்த்தவன் ஒருவனாவது கூட இருக்கட்டும்.

மழைக்குப் பாலத்தடியில் ஒதுங்குவது

நெடுஞ்சாலை அவசரத் தடத்தில் கூட்டமாக நிற்காதீர்கள். தூக்கக் கலக்கத்தில் வரும் லோரிக்காரருக்கு அந்தத் தடமும் சாலைதான். மோட்டார் சைக்கிளுக்கென்று கட்டிய ஒதுங்குமிடமோ ஓய்விடமோ வரும்வரை மெதுவாகப் போங்கள்.

சைலன்சரை மாற்றிய வண்டி

கூட்டத்தில் சேர்க்காதீர்கள்.

கெல்லி காசலில் பேய் பார்க்கப் போவது

அந்தப் பழைய மாளிகையின் கதவு இரவில் மூடியிருக்கும். பகலில் போனால் பக்கத்திலிருக்கும் கோயிலையும் பார்க்கலாம். அங்கே வேலை செய்த நம்மவர்களுக்காகக் கட்டியது.

எப்படியாவது ரூமுக்குப் போய்விடலாம் என்று ஓட்டுவது

மூன்று மணிக்கு மேல் உடம்பு தானாகவே தூங்கப் பார்க்கும். பின்னால் உட்கார்ந்திருப்பவன் முதலில் தூங்குவான், அவன் தலை உங்கள் முதுகில் சாய்ந்ததும் உங்களுக்கும் இமை கனக்கும். விடிய விடியத் திறந்திருக்கும் மாமாக் கடை எது என்று போகும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மேசையில் தலை வைத்து அரை மணி நேரம் தூங்கினால் யாரும் விரட்ட மாட்டார்கள்.

ரூமில் சொல்லாமல் கிளம்புவது

போகும் சாலை, திரும்பும் சாலை இரண்டையும் எழுதி, ரூமில் தூங்குகிறவனுக்கு அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். சந்திப்பில் நிற்கும்போதெல்லாம் எந்த இடம் என்று ஒரு வரி. அன்றைக்கு அந்த இரண்டு பேர் வராதபோது, நெடுஞ்சாலையில்தான் எங்கேயோ விழுந்து கிடக்கிறார்கள் என்று நினைத்து நாங்கள் இஸ்கந்தர் பாலம் வரை திரும்பிப் போய் ஓரமெல்லாம் டார்ச் அடித்துத் தேடினோம். அந்த நேரத்தில் அவர்கள் தோட்டத்துக்குள் இருந்தார்கள். திரும்புகிறோம் என்று ஒரு வரி அனுப்பியிருந்தால் முதல் ஆளாக நாங்கள்தான் கேட்டில் நின்றிருப்போம்.