படம் இருக்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை: வீட்டுக் கணினியில் போட்டோக்களை அடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரியப்பா இறந்த அன்று இரவு பதினோரு மணிக்கு அச்சகத்திலிருந்து போன் வந்தது. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு நல்ல படம் ஒன்று வேண்டும், சீக்கிரம் அனுப்பினால்தான் விடிவதற்குள் ஒட்ட முடியும் என்றார்கள். அறுபதாம் கல்யாணத்தில் எடுத்த படம் எல்லோருக்கும் நினைவிருந்தது. கழுத்தில் சந்தன மாலை, தோளில் பட்டு அங்கவஸ்திரம், லேசான சிரிப்பு. கணினியைத் திறந்தால் டெஸ்க்டாப்பில் ‘நியூ ஃபோல்டர்’ தொடங்கி ‘நியூ ஃபோல்டர் 11’ வரை வரிசையாக நின்றன. ஒரு மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கிடந்த படத்தை எடுத்து அனுப்பினோம். காலையில் தெருமுனையில் பார்த்தால், போஸ்டரில் பெரியப்பாவின் முகம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. அசல் படம் அதே கணினியில்தான் இருந்தது. பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்த பிறகு, ‘ஓல்டு போன்’ என்ற ஃபோல்டருக்குள் இருந்த இன்னொரு ‘ஓல்டு போன்’ ஃபோல்டரில் கிடைத்தது.

அதன் பிறகு எங்கள் வீட்டுப் படங்களையும், கேட்ட உறவினர்கள் வீட்டுப் படங்களையும் ஒழுங்குபடுத்தும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். எந்த வீட்டில் போய் உட்கார்ந்தாலும் ஏறக்குறைய இதே தவறுகள்தான். சில, படத்தைத் தேட முடியாமல் செய்பவை. சில, படத்தையே இல்லாமல் செய்பவை. படத்தையே தொலைக்கும் தவறுகளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அழிப்பதில் தொடங்குவது

ஞாயிற்றுக்கிழமை மதியம், “இன்னிக்கு போட்டோவையெல்லாம் க்ளீன் பண்ணிடலாம்” என்று உட்காருகிறோம். கை நேராக டெலீட் பட்டனுக்குப் போகிறது. தயவுசெய்து அப்படித் தொடங்காதீர்கள். முதல் வேலை, சேர்ப்பது. பழைய போன்கள், கேமரா மெமரி கார்டுகள், பென் டிரைவ்கள், கல்யாண ஸ்டூடியோக்காரர் கொடுத்த டிவிடிகள் என்று இருப்பதையெல்லாம் ஓரிடத்துக்குக் கொண்டுவாருங்கள். சேர்த்ததை அப்படியே ஒரு எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு கணினியில் என்ன தவறு நேர்ந்தாலும் திரும்பிப் போக ஓர் இடம் இருக்கும்.

டிவிடி வைத்திருப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம். வீட்டில் எழுதிய டிவிடியில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப்பூச்சு. வெயிலிலும் வெக்கையிலும் அது மங்கும். இப்போது வரும் பெரும்பாலான லேப்டாப்புகளில் டிவிடி டிரைவும் கிடையாது. யுஎஸ்பியில் மாட்டும் டிரைவ் ஒன்றைக் கடன் வாங்கியாவது இந்த வாரமே நகலெடுத்துவிடுங்கள்.

நகலெடுக்கும்போது ‘கட்’ வேண்டாம், ‘காப்பி’ போதும். பாதியில் கேபிள் ஆடிவிட்டாலோ கரண்ட் போய்விட்டாலோ, எது போனது, எது வந்தது என்று தெரியாத நிலை வரும். காப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் ரைட் கிளிக் செய்து ‘பிராப்பர்ட்டீஸ்’ பாருங்கள். கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். அங்கங்கே பத்துப் படங்களைத் திறந்தும் பாருங்கள். அதன் பிறகு கார்டைத் துடைக்கலாம். கார்டிலும் பென் டிரைவிலும் அழிப்பவை விண்டோஸின் ரீசைக்கிள் பின்னுக்கு வருவதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடச் சத்தமில்லாமல் நடக்கும் இழப்பு ஒன்று உண்டு. டிஜிட்டல் கேமரா படங்களுக்கு ‘ஐஎம்ஜி_0001’ என்று எண் போட்டுக்கொண்டே போகும். 9999 வந்ததும் மறுபடி 0001. கார்டு மாற்றினாலும் சில கேமராக்கள் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே 2008 பொங்கலுக்கு ஒரு 0412 இருக்கும், 2011 திருச்செந்தூர் பயணத்துக்கு ஒரு 0412 இருக்கும். இரண்டு கார்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டும்போது, இதே பெயரில் கோப்பு இருக்கிறது என்று விண்டோஸ் கேட்கும். ஏற்கெனவே காப்பி செய்த படம்தான் போலிருக்கிறது என்று நினைத்து ‘ரீப்ளேஸ்’ அழுத்துகிறோம். பழைய 0412 அந்த நொடியே போய்விட்டது. இப்படி மேலெழுதப்பட்ட கோப்பும் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. உறவினர் ஒருவர் வீட்டில் ஒரு பொங்கல் முழுவதும் இப்படித்தான் காணாமல் போயிருந்தது. எப்போது போனது என்று அவர்களுக்கே தெரியவில்லை. ஒவ்வொரு கார்டையும் தனித்தனி ஃபோல்டரில் இறக்குவதுதான் இதற்கு வழி. ஒன்றாக்கும் முன்னால், எடுத்த தேதியும் நேரமும் பெயரின் முன்னால் வரும்படி மாற்றிவிடுங்கள்: ‘2011-05-14_103245_0412’ என்பதுபோல. டிஜிகேம், எக்ஸ்என்வியூ எம்பி என்ற மென்பொருள்கள் இரண்டிலும் ஆயிரம் படங்களுக்கு ஒரே நேரத்தில் இதைச் செய்யலாம். இரண்டையும் வீட்டில் காசில்லாமல் பயன்படுத்தலாம்.

அடுத்தது சர்வீஸ் கடை. கணினி மெதுவாக இருக்கிறது என்று கொண்டுபோனால், “ஃபார்மட் போட்டு விண்டோஸ் ஏத்திடலாம் சார்” என்பார்கள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் வழக்கமாக சி டிரைவில்தான் இருக்கின்றன; ஃபார்மட்டில் அவையும் போகும். “நான் டி டிரைவில் ஒரு காப்பி வைத்திருக்கிறேனே” என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் சி, டி இரண்டும் ஒரே ஹார்டு டிஸ்க்கை இரண்டாகப் பிரித்த பகுதிகள். டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும்.

தேதியை நம்பும் இடம்

அடுக்குவது என்று வரும்போது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் தேதிதான். நம் குடும்பங்களில் யாரும் ‘கோப்பு எண் 412’ என்று தேடுவதில்லை. “சின்னவளுக்குக் காதுகுத்தினப்போ”, “வீடு கட்டிட்டிருந்தப்போ” என்றுதான் தேடுகிறோம். அதற்குச் சரியான தேதி வேண்டும்.

ஒரு படத்துக்கு விண்டோஸ் மூன்று தேதிகளைக் காட்டும். ‘டேட் கிரியேட்டட்’ என்பது அந்தக் கோப்பு இந்த டிஸ்க்குக்கு வந்த நாள். காப்பி செய்தால் இன்றைய தேதியாகிவிடும். ‘டேட் மாடிஃபைடு’ என்பது கடைசியாக மாற்றிய நாள்; படத்தைத் திருப்பிச் சேமித்தாலே மாறிவிடும். நமக்கு வேண்டியது ‘டேட் டேக்கன்’. கேமரா ஷட்டர் விழுந்த நேரத்தைப் படத்துக்குள்ளேயே எழுதி வைக்கிறது. எக்ஸிஃப் என்ற இந்த முறை 1995இல் ஜப்பானில் வகுக்கப்பட்டது. கோப்பைக் காப்பி செய்தாலும், வேறு கணினிக்கு மாற்றினாலும், பெயரை மாற்றினாலும் அது அப்படியே இருக்கும். ஃபோல்டரில் படங்களை வரிசைப்படுத்தும்போது இந்தத் தேதியைத் தேர்ந்தெடுக்காமல் மற்ற இரண்டை வைத்து அடுக்கினால், பத்து வருடப் படங்களும் ‘நேற்று எடுத்தவை’ ஆகிவிடலாம்.

எக்ஸிஃப் தேதியும் கேமராவின் கடிகாரத்தைப் பொறுத்ததுதான். பேட்டரியை நாள்கணக்கில் கழற்றி வைத்திருந்தால் சில கேமராக்களின் கடிகாரம் பழைய தேதி ஒன்றுக்குத் திரும்பிவிடும். இன்னொரு சிக்கல், வெளிநாட்டிலிருந்து வந்த கேமரா. தங்கை கல்யாணத்தில் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேமராவில் எடுத்தார், தம்பி போனில் எடுத்தான். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து வரிசைப்படுத்தினேன். டிபன் பந்தியில் எல்லோரும் பொங்கல் சாப்பிட்டு முடித்த பிறகு தாலி கட்டுகிற படங்கள் வந்தன. சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். மாமா கடிகாரத்தை மாற்றவில்லை. இரண்டு கேமராவும் சேர்ந்து பார்த்த கணம் ஒன்றைத் தேடினேன். மூன்றாம் முடிச்சுப் போடுகிற நொடி இரண்டிலும் இருந்தது. போனில் 6.42, கேமராவில் 9.12. மாமாவின் படங்கள் எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, டிஜிகேமில் இரண்டரை மணி நேரம் பின்னால் தள்ளினேன். கல்யாணம் வரிசைக்கு வந்துவிட்டது. இதை ஒன்றாகக் கலப்பதற்கு முன்பே செய்வது நல்லது. கலந்த பிறகு யார் படம் எது என்று பிரிப்பதற்கே ஒரு நாள் ஆகும்.

ஃபோல்டர் பெயர்கள்

ஆளுக்கொரு ஃபோல்டர் போடாதீர்கள். ‘அம்மா’, ‘பாப்பா’, ‘தாத்தா’ என்று பிரித்தால், மூவரும் சேர்ந்து நிற்கும் படம் எங்கே போகும்? மூன்றிலும் போட்டு, ஒரு படம் மூன்றாகும். ‘சாம்சங் பழைய போன்’ என்று கருவியின் பெயரில் வைப்பதும் உதவாது. நான்கு வருடம் கழித்து எந்த சாம்சங் என்று நமக்கே தெரியாது.

நான் செய்வது இவ்வளவுதான்: வருடத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் தேதியும் நிகழ்ச்சியும். ‘2018-05-20 காதுகுத்து குலதெய்வம் கோயில்’. வருடம் முதலில், மாதமும் நாளும் இரண்டிரண்டு இலக்கத்தில். நாம் பேச்சு வழக்கில் எழுதுகிறபடி 20-05-2018 என்று வைத்தால், எல்லா வருடத்து இருபதாம் தேதிகளும் ஓரிடத்தில் போய்ச் சேரும். தேதி தெரியாத பழைய படங்களுக்கு ‘1978-00-00’ என்று வைக்கிறேன். அந்த வருடத்தின் முதலில் வந்து நிற்கும்.

எழுத்துக்கூட்டலிலும் ஒரே முறையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆங்கில எழுத்தில் ‘கல்யாணம்’ என்று எழுத எங்கள் வீட்டில் நான்கு விதம் இருந்தது. போதாததற்கு ‘மேரேஜ்’, ‘வெட்டிங்’ வேறு. தேடும் பெட்டியில் ஒன்றைப் போட்டால் மற்றவை வராது. நான் தமிழிலேயே பெயர் வைக்கிறேன். யூனிகோடு தமிழை இன்றைய விண்டோஸும் மேக்கும் ஆண்ட்ராய்டும் சிக்கலில்லாமல் காட்டுகின்றன. பென் டிரைவை மாட்டினால் சில டிவிகள் மட்டும் எழுத்துக்குப் பதில் கட்டம் காட்டும். தேதி எண்ணில் இருப்பதால் அங்கும் வரிசை கெடாது.

ஒரே படம், ஐந்து நகல்

இரட்டைப் படங்களைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் நல்லவைதான், டூப்குரு போல. உள்ளடக்கம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும் கோப்புகளை அவை தவறாமல் பிடிக்கும். எதை வைத்துக்கொள்வது என்ற முடிவை மட்டும் அவற்றிடம் விடாதீர்கள். விட்டால் பாதிக் கல்யாணத்தை இந்த ஃபோல்டரிலும் மீதியை அந்த ஃபோல்டரிலும் அழித்து வைக்கும். டூப்குருவில் ஒரு ஃபோல்டரை ‘ரெஃபரன்ஸ்’ என்று குறித்துவிட்டால் அதில் கை வைக்காது. அடுக்கி முடித்த ஃபோல்டரை அப்படிக் குறித்துவிட்டு, மற்ற இடங்களில் இருப்பதை மட்டும் நீக்குங்கள்.

வாட்ஸ்அப் நகல் இந்தக் கணக்கில் வராது. அது வேறு கோப்பு. வழக்கமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, எக்ஸிஃப் தகவலையும் நீக்கிவிடுகிறது. 4000 பிக்சல் அகலமுள்ள படம் 1600 பிக்சல் அளவுக்கு வந்துவிடும். ஏ3 போஸ்டரின் நீளம் பதினாறரை அங்குலம். அதில் 1600ஐப் பரப்பினால் அங்குலத்துக்கு நூறு புள்ளிகூட இல்லை. அசலில் 240க்கு மேல் இருக்கும். பெரியப்பாவின் முகம் உடைந்தது இதனால்தான். பெயரில் ‘டபிள்யூஏ’ என்று இருக்கும் படங்களைத் தனி ஃபோல்டரில் வையுங்கள். அந்தப் பெயரில் உள்ள தேதி படம் நம் போனுக்கு வந்த தேதி, எடுத்த தேதி அல்ல. அசல் இருந்தால் நகலை விட்டுவிடலாம். அசல் இல்லையென்றால், எடுத்தவரிடம் கேட்டு வாங்குங்கள். டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னால் சுருங்காமல் வரும்.

மங்கலான படங்களை அழிப்பதில் நான் மிகவும் தயங்குவேன். ஆச்சி அடுப்படி வாசலில் நிற்கும் ஒரே படத்தில் அவர் பின்னணியில்தான் இருக்கிறார், கொஞ்சம் கலங்கலாக.

மேகத்தில் (கிளவுடில்) இருக்கிறது என்ற நிம்மதி

கூகுள் போட்டோஸில் கணக்கில்லாமல் இலவசமாகச் சேமிக்கும் வசதி 2021 ஜூன் 1ஆம் தேதியோடு முடிந்தது. இப்போது ஜிமெயில், டிரைவ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம். அது நிறைந்துவிட்டால் புதுப் படங்கள் ஏறாது. பல வீடுகளில் இதை யாரும் கவனிக்காமல் மாதங்கள் ஓடியிருந்தன. அதைவிட முக்கியம், அது போனோடு இணைந்தே நகர்கிறது. அந்தச் செயலியில் இடம் காலி செய்வதாக நினைத்து டெலீட் அழுத்தினால், மேகத்திலும் சேர்ந்தே போகும். குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், அவ்வளவுதான்.

பீட்டர் குரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 கணக்கு வீட்டுக்கும் பொருந்தும்: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். வேறு இடத்தில் என்பதைத்தான் நாம் விட்டுவிடுகிறோம். 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளம் மூழ்கிய வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். கணினியும் பேக்கப் டிஸ்க்கும் ஒரே மேசையில் இருந்தால் தண்ணீர் இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும். எங்கள் இரண்டாவது டிஸ்க் தங்கை வீட்டில், வேறு ஊரில் இருக்கிறது. தீபாவளிக்குப் போகும்போது புதுப் படங்களை ஏற்றிவிட்டு வருவேன்.

யார் யார் என்று எழுதாமல் விடுவது

தேதியைக் கேமரா எழுதிவிடும். பெயரை நாம்தான் எழுத வேண்டும், அதுவும் படத்துக்குள்ளேயே. கூகுளின் பிக்காசா மென்பொருளில் முகங்களுக்கெல்லாம் பொறுமையாகப் பெயர் கொடுத்தவர்கள் நிறையப் பேர். 2016இல் கூகுள் அதை நிறுத்தியது. பல கணினிகளில் அந்தப் பெயர்கள் படத்துக்குள் எழுதப்படாமல் மென்பொருளின் தனிக் கோப்புகளில்தான் இருந்தன. படங்களை மட்டும் புதுக் கணினிக்கு மாற்றியவர்கள் பெயர்களை இழந்தார்கள். டிஜிகேம் பயன்படுத்தினால், தகவல்களைப் படக் கோப்பிலேயே எழுதும் தெரிவு அமைப்புகளில் டிக் ஆகியிருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்பவர்கள் படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை, பென்சிலில் எழுதிய தேதி, சில சமயம் ஒரு முழு வாக்கியமே அங்கே இருக்கும். கணினி காட்டும் தேதி ஸ்கேன் செய்த நாளாக இருக்கலாம். அதை மாற்றி உண்மை வருடத்தை எழுதிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது அந்த வேலைதான் நடக்கிறது. சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு அம்மா பக்கத்தில் வந்து உட்காருவார். நான் படத்தைப் பெரிதாக்குவேன், அவர் இடமிருந்து வலமாகச் சொல்லிக்கொண்டே வருவார், நான் தட்டச்சு செய்வேன். 1974இல் எடுத்த ஒரு வளைகாப்புப் படத்தில் பதினான்கு பேர். பதின்மூன்று பேருக்குப் பெயர் வந்துவிட்டது. ஓரத்தில் கையில் தாம்பாளத்தோடு நிற்கும் பெண் யார் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. காரைக்குடியில் இருக்கும் சின்னம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம் என்றார். நேற்று அந்தப் படத்தை டாக்குமெண்டாக அனுப்பியிருக்கிறேன்.