மினி பைக்கில் 10 அங்குலச் சக்கரம்: என் அனுபவம்

வீட்டில் வெல்டு செய்த மினி பைக்கில் இருந்தது 6 அங்குல ரிம்; டயர் உயரம் சுமார் 12 அங்குலம். பெங்களூரு சிவாஜிநகர் குஜிரியில் (பழைய பாகங்கள் விற்கும் சந்தை) கிடைத்த பழைய ஸ்கூட்டர் சக்கரம் 3.50-10 (டயர் அகலம் 3.50, ரிம் 10 அங்குலம்), உயரம் ஏறக்குறைய 17 அங்குலம். மாட்டியதும் டயர் ஸ்விங் ஆர்மில் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) உரசியது, மேடு ஏறும்போது கிளட்ச் புகைந்தது.

கிளட்ச் மேல் தப்பில்லை. சக்கரம் 40 சதவீதம் பெரிதானால் இழுவை சுமார் 29 சதவீதம் குறையும். சென்ட்ரிஃபியூகல் கிளட்ச் (இன்ஜின் வேகம் கூடும்போது தானே பிடிக்கும் வகை) முழுதாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். முன்னால் 10 பல், பின்னால் 40 பல் என்றிருந்த ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரம்) 10-க்கு 56 ஆக்கினேன். சூடு நின்றது.

ஆர்மை நீட்டி, டயரைச் சுற்றி 20 மி.மீ. இடைவெளி விட்டேன். செயினுக்கும் டயருக்கும் 10 மி.மீ. போதும்.

உண்மையான தலைவலி ஹப்தான் (சக்கரத்தின் நடுப்பகுதி). லேத்தில் கடைந்து 6202 பேரிங் இரண்டு, 15 மி.மீ. ஆக்ஸில். நடுவில் வரும் ஸ்பேசர் குழாய் அரை மில்லி குட்டையாக இருந்தது. நட்டை இறுக்கியதும் பேரிங்கின் உள்வளையங்கள் நெருங்கி, சக்கரம் கையால் சுற்றவே கனத்தது. பேரிங் இருக்கைகளுக்கு இடையிலான தூரத்தைவிட 0.1 மி.மீ. கூடுதலாக வெட்டிய பிறகே சரியானது.

ஸ்கூட்டர் ரிம் இரண்டு பாதியாகப் பிரியும் வகை. காற்றை முழுக்க இறக்காமல் அந்த நட்டுகளைத் தொடவே கூடாது. பாதி ரிம் முகத்துக்குப் பறக்கும்.

முன்சக்கரத்தையும் மாற்றுங்கள். பின்பக்கம் மட்டும் உயர்ந்தால் ஃபோர்க் செங்குத்தாகி ஹேண்டில் ஆடும். சைடு ஸ்டாண்டும் இரண்டரை அங்குலம் நீள வேண்டும்.