மாமா கொண்டுவந்த ‘மரகதம்’: வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது எப்படி?

குஜராத் சுற்றுலா போய்வந்த மாமா, கைக்குட்டையில் முடிந்திருந்த பச்சைக் கல்லை அவிழ்த்து என் மேஜையில் வைத்தார். பெரிய எலுமிச்சம்பழ அளவு. “பட்டை தீட்டாத மரகதம்டா. புதனுக்குப் போடச் சொல்லி ஜோசியர் சொன்னாரே, சல்லிசா கிடைச்சுது.”

சல்லிசு என்றதுமே எனக்குச் சந்தேகம். நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, சோடா பாட்டிலும் பச்சைதான். பள்ளி ஆய்வகத்தில் வேலை பார்த்த பழக்கம், நேராகச் சமையலறைத் தராசை எடுத்துவந்தேன்.

கல் 206 கிராம். அப்புறம் வாயகன்ற பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்ஜியமாக்கினேன். கல்லை நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி தொங்கவிட வேண்டும். அடியிலோ பக்கத்திலோ தொடக் கூடாது. முதல் தடவை மாமா நூலைப் பிடித்தார். கை தளர்ந்து கல் அடியில் உட்கார, தராசு எகிறிவிட்டது. இரண்டாம் தடவை நானே பிடித்தேன்: 65. கல் விலக்கிய தண்ணீரின் எடை இது. 206-ஐ 65-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 3.17; இதுதான் கல்லின் அடர்த்தி. மரகதம் என்றால் 2.7-ஐ ஒட்டி வர வேண்டும்.

அடுத்து, உடைந்த மூலையில் டார்ச் அடித்துப் பாருங்கள். மரகதம் பெரும்பாலும் கண்ணாடிச் சில்லுபோல ஒழுங்கில்லாமல் உடையும். இதிலோ கத்தியால் சீவியதுபோல வழவழப்பான முக்கோணத் தளம்.

கடைசியாகக் கத்தி. கண்ணில் படாத அடிப்பக்கத்தில் லேசாக ஒரு கீறல். ஈர விரலால் தேய்த்தேன், கோடு போகவில்லை. (தேய்த்துப் போனால் அது கத்தியின் இரும்பு ஒட்டியது, கீறல் அல்ல.) தாதுக்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் மரகதம் 7.5 முதல் 8 வரை, சாதாரணக் கத்திக்கு மசியாது.

மூன்றும் சேர்ந்து காட்டியது ஃப்ளோரைட் என்ற மென்மையான தாதுவை: அடர்த்தி 3.18, கடினம் 4. குஜராத்தின் அம்பாடுங்கரில் ஃப்ளோரைட் படிவே இருக்கிறது, அங்கிருந்துகூட வந்திருக்கலாம்.

உங்கள் கல்லுக்கு 2.5 முதல் 2.7 வரை வந்தால் வேலை கொஞ்சம் கூடும். கண்ணாடி, அமேசனைட் என்ற பச்சைக் கல், பச்சைக் குவார்ட்ஸ் எல்லாமே அங்கேதான் நிற்கின்றன. பூதக்கண்ணாடியில் உருண்டைக் குமிழி தெரிந்தால் அநேகமாகக் கண்ணாடி. குவார்ட்ஸையும் கத்தி கீறாது. குவார்ட்ஸா மரகதமா என்ற சந்தேகத்தை ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில்தான் தீர்க்க வேண்டும். ஆசிட் ஊற்றிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். ஃப்ளோரைட்டில் கந்தக அமிலம் பட்டால் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் வரும், அது தோலுக்குள் இறங்கிவிடும்.

“அப்ப மோதிரத்துக்கு?” என்றார் மாமா. தினசரி போட்டால் தெருப்புழுதியே கீறிவிடும் என்றேன். கல்லைத் திரும்பக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். “உங்க அத்தைகிட்ட விலையைச் சொல்லிடாதே.”