படபடப்பா? மூச்சை நீளமாக வெளியே விடுங்கள்

படபடப்பு வந்தால் 4 எண்ணும் வரை மூக்கு வழியாக மூச்சை இழுத்து, சூடான டீயை ஊதுவது போல உதட்டைக் குவித்து 6 அல்லது 7 எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். இரண்டு, மூன்று நிமிடம் போதும். கூடவே உள்ளங்காலைக் கவனியுங்கள்: தரை குளிர்ச்சியா, செருப்பின் வார் எங்கே அழுத்துகிறது? அப்புறம், கடித்திருக்கும் பல்லைத் தளர்த்துங்கள். இறுகியிருப்பதே பலருக்குத் தெரியாது.

மூச்சை வெளியே விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வேலையால் இதயத் துடிப்பு தானாகவே சற்றுக் குறையும். அந்த நேரத்தைத்தான் நீட்டுகிறோம். "நல்லா மூச்சை இழு" என்பது அரைகுறை யோசனை. வேகவேகமாக இழுத்து விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் மரத்துப்போகும்.

மூச்சைக் கவனித்தாலே பயம் கூடுகிறவர்கள் உள்ளங்காலை மட்டும் கவனிக்கலாம். நெஞ்சுவலி, கைக்குப் பரவும் வலி, வியர்வை என்றால் இதெல்லாம் வேண்டாம், உடனே 108.